கன்ட்ரோல் வரிசை

முப்பத்தெட்டு. ரைமாலி அளவுகோலைத் தலைகீழாகத் திருப்பி மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்தாலும் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்தான். பக்கத்துப் பையில் முப்பத்தேழு. அதற்கடுத்ததில் முப்பத்தொன்பது. வெறும் ஆற்று மண்ணை அள்ளிப் போட்டு, எரு என்று ஒரு பொட்டுக்கூடக் காட்டாமல், தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்க்கிற ஆமணக்குக் கன்று நாற்பது நாளில் இந்த உயரத்துக்கு வந்து நின்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"ஏன் இப்பிடிப் பண்றீங்க? உங்களை யாரு வளரச் சொன்னா?" என்று கன்றுகளிடமே கேட்டாள்.

கன்றுகள் கொழுகொழுவென்று நின்றன. தண்டில் சிவப்பு மினுமினுத்தது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கையை விரித்த அகலம். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

வேலியோரமாக மொத்தம் ஐந்து வரிசை. வரிசைக்கு இருபது கறுப்புப் பாலிதீன் பை. முதல் வரிசையில் ஆற்று மண் மட்டும். இரண்டாவதில் மண்ணோடு மக்கிய சாணம். மூன்றாவதில் மண்புழு உரம். நான்காவதில் அதிகாரி கொண்டுவந்து கொடுத்த தென்னை நார்த்தூள். செங்கல் மாதிரி கட்டிகட்டியாக வந்தது. தண்ணீரில் போட்டால் பானை கொள்ளாமல் பொங்கும். உறையில் பொள்ளாச்சி என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. அது எந்த மூலையில் இருக்கிறதோ, அங்கிருந்து அசாம்வரை இதை லாரி ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று ரைமாலி நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது வரிசைதான் அவளுடையது. பன்றி எருவை ஆறு மாதம் மக்கவைத்து, உமிக்கரி கலந்து, அவளே பார்த்துப் பார்த்துச் சேர்த்த கலவை. ஐந்தாவது வரிசை முப்பத்து மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தது. சாணத்தையும் மண்புழு உரத்தையும் பொள்ளாச்சியையும் தோற்கடித்திருந்தது. தோற்கடித்து என்ன பிரயோஜனம்? ஒன்றும் போடாத மண்ணிடம் அல்லவா தோற்றுவிட்டது!

இந்தப் பக்கத்தில் எரி என்கிற பட்டுப்புழுவை வளர்க்காத போடோ இன வீடு கிடையாது. புழுவுக்கு ஆமணக்கு இலைதான் சோறு. வரும் வசந்தத்தில் வட்டாரம் முழுக்க நாற்பதாயிரம் ஆமணக்குக் கன்று கொடுக்கப் போகிறது பட்டு இலாகா. கன்றை எந்தக் கலவையில் வளர்ப்பது, யார் நாற்றங்காலில் வளர்ப்பது என்பதை முடிவுசெய்ய மூன்று ஊர்களில் சோதனை வைத்திருந்தார்கள். சோதனையைப் பிசகில்லாமல் நடத்திக் கணக்குப் புத்தகத்தை நிரப்பிக் கொடுக்கிற ஊருக்கு நாற்பதாயிரம் கன்றும். ரைமாலியின் குழுவில் பதினோரு பெண்கள். நாற்பதாயிரம் கன்று என்றால் பதினோரு பேருக்கும் வருஷம் பூராவும் வேலை. இரண்டு பேர் குவாஹாத்திக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கு மூட்டை கட்டியிருந்தார்கள். "டிசம்பர் வரைக்கும் பொறுங்கடி" என்று அவர்களை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது ரைமாலிதான்.

முதல் முறை ஆனி மாத மழையில் ஆறு ஊருக்குள் வந்து நூறு பையையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இது இரண்டாவது முறை. நாளைக்கு அதிகாரி, கடைசி அளவுக்கு முன்னால் ஒரு தடவை வந்து அளந்து பார்க்கப் போகிறார். எருவே தேவையில்லை, வெறும் மண்ணே அமிர்தம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒன்று, உனக்குச் சோதனை நடத்தத் தெரியவில்லை என்பார். இல்லையென்றால் நீ ஏமாற்றுகிறாய் என்பார். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான்.

இந்த முதல் வரிசை அவளைப் பதினைந்தாம் நாளிலிருந்தே படுத்தியெடுத்துக்கொண்டிருந்தது. மண்ணில்தான் ஏதோ இருக்கிறது என்று முதலில் சந்தேகப்பட்டாள். மண் எடுத்த கரைக்கே போய், அதே குழியிலிருந்து அள்ளிவந்து, தனியாகத் தகர டப்பாவில் விதைபோட்டுச் சமையல்கட்டு ஜன்னலில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கன்று நோஞ்சானாக, மஞ்சள் பூத்து, சாண் உயரம்கூட வராமல் நின்றது. அதாவது ஒழுங்காக நடந்துகொண்டது. அப்படியானால் மண்ணில் கோளாறு இல்லை.

அடுத்த சந்தேகம் புருஷன்மேல் வந்தது.

"உண்மையைச் சொல்லு. காலங்காத்தால எழுந்து எங்க போற?" என்று சொம்பரைக் கேட்டாள்.

சொம்பர் வாயில் வெற்றிலையோடு விழித்தான். "எங்க போவாங்க?"

"வேலியோரமாத்தானே போற? முதல் வரிசைப் பக்கமாத்தானே நிக்கற?"

விஷயம் புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தான். "ஏன்டி, இருபது பைக்கும் வரிசையா நின்னு போறதுக்கு நான் என்ன யானையா? வட்டாரத்துல சொல்லிடாத, சிரிப்பாங்க."

அது நியாயம்தான். ஆனாலும் ஒரு வாரம் அவனை வேலிப்பக்கம் விடவில்லை. கன்றுகள் அந்த ஒரு வாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தன.

மீதி யார்? வீட்டில் இன்னொரு ஆள் சொம்பரின் அக்கா புதாரி. வயது ஐம்பத்தைந்து இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளாதவள். தாய் தகப்பன் போன பிறகு தம்பியை அவள்தான் ஆளாக்கினாள். வீட்டில் முதலில் எழுகிறவள், கடைசியில் படுக்கிறவள், இடையில் ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தெரியாதவள். நாத்தனார்மேல் ரைமாலிக்குப் பயமும் உண்டு, சலிப்பும் உண்டு. ஆனால் சந்தேகம் வரவில்லை. படிப்பறிவில்லாத மனுஷிக்கு இந்தப் பைகளைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மறுநாள் விடிகிற நேரத்தில் எழுந்து, முற்றத்தில் இருந்த தறிக்குப் பின்னால் மறைந்து உட்கார்ந்துகொண்டாள். பனி இறங்கியிருந்தது. பன்றிக் கொட்டில் பக்கம் அடுப்பு எரிந்தது. சற்று நேரத்தில் புதாரி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பதுங்கி வரவில்லை, சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நேராக முதல் வரிசைக்குப் போனாள். செருமிக்கொண்டாள். தேங்காய்ச் சிரட்டையால் வாளியிலிருந்து மொண்டு முதல் பைக்கு ஊற்றினாள். இரண்டாவது பைக்கு ஊற்றினாள். மூன்றாவது கன்றைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு அதற்கு மட்டும் இன்னொரு சிரட்டை ஊற்றினாள்.

"அண்ணீ!"

ரைமாலி போட்ட கூச்சலில் கொட்டிலில் பன்றிகள் எழுந்து நின்றன. புதாரி நிதானமாகத் திரும்பினாள்.

"எதுக்குடி கத்தற? பாம்பா?"

"என்ன ஊத்தறீங்க அதுக்கு?"

"எப்பவும் ஊத்தறதுதான்."

"எப்பவுமா? எத்தனை நாளா?"

"பை வெச்ச நாளா. முளை விட்டதுலேர்ந்து." புதாரி வாளியை எட்டிப் பார்த்தாள். "கொட்டில் கழுவின தண்ணியை மூணு நாள் ஊறவெச்சது. அரிசி கழுநீர். கொஞ்சம் அடுப்புச் சாம்பல். நேத்து ஜௌ வடிச்சோம்ல, அந்தச் சக்கையையும் ஒரு கை கரைச்சு விட்டேன். நல்லதுதான், பயப்படாத."

அரிசிக் கள் வடித்த சக்கை வேறு! ரைமாலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது நாள். நாற்பது நாள் குனிந்து நிமிர்ந்து அளந்து எழுதிய கணக்கு, புருஷனிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுப் பட்ட அவமானம், எல்லாம் அந்த ஒரு வாளிக்குள் போய்விட்டது.

"அண்ணி, அதுக்கு ஒண்ணுமே குடுக்கக் கூடாது அண்ணி! தண்ணி மட்டும்தான்! அது கன்ட்ரோல் வரிசை!"

"அதைத்தான்டி நானும் சொல்றேன். கன்ட்ரோல்தானே?"

"ஆமா, கன்ட்ரோல்!"

"அப்பறம்? கன்ட்ரோல்னா குடுக்கணுமா வேண்டாமா?"

ரைமாலிக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

ரேஷன் கடைக்கு இந்தப் பக்கத்தில் கன்ட்ரோல் என்றுதான் பேர். கன்ட்ரோல் அரிசி, கன்ட்ரோல் மண்ணெண்ணெய், கன்ட்ரோல் சர்க்கரை. "கன்ட்ரோல்ல போட்டாங்களா?" என்று கேட்டால் இந்த மாதத்து அரிசி வந்ததா என்று அர்த்தம். புதாரிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடை வாசலில் நின்றதில், தலைக்குமேல் தொங்கிய பலகையில் இருந்த அந்த ஒரு வார்த்தை மட்டும் மனசில் பதிந்துபோயிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரிந்த ஒரே வார்த்தை அது. அதை, அதிகாரி சொன்னார் என்று, கொட்டை எழுத்தில் தகரத் துண்டில் எழுதி முதல் வரிசையில் குத்தி வைத்தவள் ரைமாலியேதான்.

"நாலு வரிசைக்கு நீ எருவெல்லாம் போட்டுக் கலந்து வெச்ச," என்றாள் புதாரி. "இந்த வரிசைக்கு ஒண்ணும் போடல. கன்ட்ரோல்னு பலகை மட்டும் வெச்ச. சரி, இதுக்குத் தினப்படி ரேஷன் போல, அதை நம்ம பொறுப்புல விட்டிருக்கா போலன்னு செஞ்சுட்டு வரேன். ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யக் கூடாதான்னு எனக்கும் மனசுல இருந்துச்சு. நாப்பது நாளா குனிஞ்சு ஊத்தறேன், இடுப்பு விட்டுப்போகுது, நல்லா வளந்திருக்கு அண்ணின்னு ஒரு நல்ல வார்த்தை சொன்னியா நீ?"

நன்றி வேறு சொல்ல வேண்டுமாம். ரைமாலிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோபம்தான் ஜெயித்தது.

"கேட்டிருக்கலாம்ல அண்ணி! ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்ல!"

"நீ சொல்லியிருக்கலாம்ல," என்றாள் புதாரி. மிச்சமிருந்த வாளியைக் கையோடு நான்காவது பைக்கு ஊற்றப் போனாள். ரைமாலி பாய்ந்து போய்ப் பிடுங்கினாள்.

சொம்பர் எழுந்துவந்து முழுக் கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, யோசனை சொல்கிற முகத்தை வைத்துக்கொண்டான். ரைமாலிக்கு அந்த முகத்தைக் கண்டாலே ஆகாது.

"இதுல என்ன இருக்கு? நோட்டுல பதினாலுன்னு எழுது."

"செடி முப்பத்தெட்டுல நிக்குதே!"

"நுனியைக் கிள்ளி விட்டுடு. ஆடு கடிச்சுதுன்னு சொல்லு."

அவள் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டாள். கத்தியை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போகவும் செய்தாள். ஒரு கன்றின் கொழுந்தை இரண்டு விரலால் பிடித்தாள். மூட்டை கட்டியிருந்த இரண்டு பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு கிள்ளு, இருபது தடவை. பிறகு குனிந்து தண்டைப் பார்த்தாள். தண்டு அவள் கட்டைவிரல் பருமன் இருந்தது. நோட்டில் தண்டின் சுற்றளவுக்குத் தனிக் கட்டம், இலை எண்ணிக்கைக்குத் தனிக் கட்டம், கடைசியில் வேரை அலசி எடை போட ஒரு கட்டம். அண்ணி போட்ட தீனி வேர்வரைக்கும் போயிருக்குமே! பொய் சொல்வதென்றால் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை சொல்ல வேண்டும். அதற்கு அவளுக்குத் தெம்பில்லை. கத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொம்பரை ஒரு முறை நன்றாகத் திட்டினாள். அவன் யோசனை சொன்னதற்காகப் பாதி, அந்த யோசனையைத் தான் கேட்டதற்காகப் பாதி.

பத்து மணிக்கு வருகிறேன் என்ற அதிகாரி தாமுலி சார் இரண்டரை மணிக்கு வந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். பத்து என்றால் இரண்டு, திங்கள் என்றால் புதன், இந்த வாரம் என்றால் அடுத்த வாரம். வேலை தெரிந்தவர், நல்ல மனிதர், சுபாவம் அது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றாமலே வரிசைகளை நோக்கிப் போனவர் முதல் வரிசையின் முன்னால் நின்றுவிட்டார்.

"ரைமாலி, பலகையை மாத்தி வெச்சுட்டீங்களா?"

"இல்ல சார். சரியாத்தான் இருக்கு."

"இது எப்பிடி..."

எப்படி என்று அவள் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். கொட்டில் தண்ணீர், கழுநீர், சாம்பல், ஜௌ சக்கை, கடைப் பலகை, எல்லாம். புருஷனைச் சந்தேகப்பட்டதை மட்டும் விட்டுவிட்டாள். சொம்பரே அதையும் சேர்த்துச் சொன்னான். சார் தலைக்கவசத்தைக் கழற்றி, கவிழ்த்து வைத்திருந்த மூங்கில் கூடையின்மேல் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தால், சிரிக்க ஆசைப்பட்டு, சம்பளத்தை நினைத்து அடக்கிக்கொண்டவர் மாதிரி இருந்தது.

"சரி," என்றார் கடைசியில். "இவ்வளவு நல்லா வந்திருக்கே, அதையாவது எழுதிக்கறேன். அக்கா, ஒரு பைக்கு எத்தனை மில்லி ஊத்துனீங்க?"

"மில்லியா?"

"அளவு. ஒரு சிரட்டையா, ரெண்டு சிரட்டையா?"

"அது செடியைப் பொறுத்தது," என்றாள் புதாரி. "சிலதுக்கு ஒண்ணு போதும். வாட்டமா இருந்தா ரெண்டு. மூஞ்சியைப் பாத்துத்தான் ஊத்தறது."

"மூஞ்சியை."

"சோறு போடறவங்களுக்குத் தெரியாதா யாருக்கு எவ்வளவுன்னு?"

தாமுலி சார் திறந்த பேனாவை மூடினார். மூஞ்சியைப் பார்த்து என்று எழுதுவதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

"அக்கா, கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க," என்று ஆரம்பித்தார். "நாலு வரிசைக்கு நாலு விதமா எரு போட்டோம். எது எவ்வளவு நல்லதுன்னு எப்பிடித் தெரியும்? ஒண்ணும் போடாத ஒரு வரிசை பக்கத்துல இருந்தாத்தானே? அது வாடணும். அது வாடினாத்தான் மத்தது எல்லாம் எதனால வளந்துச்சுன்னு சொல்ல முடியும். அதுக்குத்தான் அந்த வரிசை."

"அதாவது பக்கத்துல நாலு வரிசை சாப்பிடும். இது பாத்துட்டு நிக்கணும்."

"ஆமா... அப்பிடித்தான்."

"எதுவரைக்கும்?"

"நாப்பத்தஞ்சு நாள்."

புதாரி அடுத்துப் பேசியது சாரிடம் இல்லை, ரைமாலியிடம்.

"கலவரத்துல வீடெல்லாம் எரிஞ்சு கேம்ப்புக்கு ஓடினப்ப உன் புருஷனுக்கு ஆறு வயசு. லிஸ்ட்ல பேர் இருக்கறவங்களுக்கு ஒரு வரிசை, பேர் இல்லாதவங்களுக்கு ஒரு வரிசை. எங்க பேரைத் தப்பா எழுதிட்டான் எவனோ. பேர் இருக்கற வரிசைக்கு அரிசி போட்டாங்க, பருப்புப் போட்டாங்க. எங்களை நிக்க வெச்சு எண்ணிட்டு மட்டும் போனாங்க. தினமும் ஒருத்தன் நோட்டோட வருவான், எண்ணுவான், எழுதுவான், போயிடுவான். இதோ இவரு மாதிரி நல்ல சட்டைதான். பதினோரு நாள்." சேலை மாதிரி சுற்றியிருந்த தொக்னாவின் ஓரத்தை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நீ தினமும் அளவுகோலோட இந்த வரிசைகிட்ட குனிஞ்சு எழுதறப்ப எனக்கு அந்த ஆளு ஞாபகம்தான் வரும். அதனாலதான் ஒருநாள்கூடத் தவறாம ஊத்தினேன்."

சொம்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் இதை ஒருநாளும் பேசியதில்லை. எட்டு வருஷக் குடித்தனத்தில் ரைமாலி இதை இப்போதுதான் கேட்கிறாள். அவளுக்கு மனசு கரைந்தது உண்மை. கரைந்த மனசோடேயே எரிச்சலும் இருந்தது உண்மை. பதினோரு பெண்களின் வேலை போகப் போகிறது. செடி என்பது மனுஷன் இல்லை. இரண்டையும் இந்த மனுஷியிடம் யார் போய்ச் சொல்வது?

தாமுலி சார் தொண்டையைக் கனைத்தார். "இன்னும் ஒரு வழி இருக்கு. டிசம்பர் பத்துக்குள்ள நான் அறிக்கை குடுக்கணும். இன்னிக்கே புதுசா விதை போட்டா ஒன்பதாம் தேதி நாப்பத்தஞ்சு நாள் முடியும். ஒரு நாள் மிச்சம். மத்த ரெண்டு ஊர்லயும் பூச்சி விழுந்து திரும்பத்தான் போட்டிருக்காங்க, அதனால நீங்க பின்தங்கல. ஆனா," புதாரியைப் பார்த்தார், "முதல் வரிசையை யாரும் தொடக் கூடாது. அந்த உறுதி இல்லாம நான் எழுத முடியாது."

எல்லோரும் புதாரியைப் பார்த்தார்கள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள் அவள்.

"அண்ணி!"

"காலையில எழுந்து அதைத் தாண்டித்தான் கொட்டிலுக்குப் போகணும். கையில வாளி இருக்கும். மாட்டேன்னு சொல்லிட்டு ஊத்திட்டா அது பொய். அதனால இப்பவே சொல்லிடறேன், சொல்ல மாட்டேன்."

பையை வேறு வீட்டுக்கு மாற்றலாமா என்றான் சொம்பர். ஆடு வராத வேலியும் அடிபம்பும் இருக்கிற முற்றம் ஊரில் இது ஒன்றுதான். அண்ணியை நாற்பத்தைந்து நாள் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பலாமா என்று ரைமாலி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பன்றிகளை யார் பார்ப்பது? போட்ட கணக்குக்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணி," என்றாள், குரலைத் தாழ்த்தி. "நான் கெஞ்சணுமா? கெஞ்சறேன். நாப்பத்தஞ்சு நாள்தானே? அப்பறம் அந்த வரிசைக்கு என்ன வேணும்னாலும் ஊத்துங்க. ஜௌவையே ஊத்துங்க. நான் வடிச்சுத் தரேன்."

"அப்பறமா?"

"அளந்து முடிச்ச உடனே."

புதாரி யோசித்தாள். "விட்டுப்போனதையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

"வேரை அலசி எடை போடணும்..." என்று ஆரம்பித்தார் சார். ரைமாலி திரும்பிப் பார்த்த பார்வையில், "அஞ்சு செடி எடுத்தாப் போதும். மீதி பதினஞ்சு இருக்கும்" என்று முடித்தார்.

"அந்த அஞ்சு?"

"அக்கா, அந்த அஞ்சை விட்டுடுங்க அக்கா," என்றார் சார். அவர் குரலே உடைந்துபோயிருந்தது. ஆச்சரியமாக, புதாரி அதை விட்டுக்கொடுத்தாள்.

மணி மூன்றரை. குழுப் பெண்களுக்குச் சொல்லியனுப்பி, பதினோரு பேரும் கூடிவிட்டார்கள். பழைய கன்றுகளை ஒதுக்கிவிட்டுப் பை நிரப்பினார்கள். சல்லடையில் மண் சலித்தாள் ஒருத்தி, உமிக்கரி இடித்தாள் ஒருத்தி, பொள்ளாச்சிக் கட்டியை ஊறப்போட்டு அது பொங்குவதைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார்கள் இரண்டு பேர். ஒதுக்கிய கன்றுகளை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்றதும் அத்தனை பேரும் பழைய முதல் வரிசையின்மேலேயே விழுந்தார்கள். எனக்கு அந்தக் கன்ட்ரோல், உனக்கு இந்தக் கன்ட்ரோல் என்று இழுபறி. பொள்ளாச்சி வரிசையை ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. சார் அதையெல்லாம் கவனித்தார். எழுதிக்கொள்ளத்தான் வழியில்லை.

வெயில் சாய்வதற்குள் நூறு பையிலும் விதை போட்டாயிற்று. புதாரி முதல் வரிசையின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபது பை வெறும் மண்.

"சார், ஒன்பதாம் தேதி இதுக்குக் குடுப்போம்னு சொல்லுங்க."

"குடுப்போம் அக்கா. நானே வண்டியில உரம் கொண்டு வரேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நானா பட்டினி கிடக்கப் போறேன்? அதுங்ககிட்ட சொல்லுங்க."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சார் ரைமாலியைப் பார்த்தார். இந்த இடத்தில் அவள் குறுக்கே விழுந்து, விடுங்க அண்ணி, படிச்ச மனுஷரு என்று சொல்லியிருக்க வேண்டும். காலையிலாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

"சொல்லிடுங்க சார். நேரமாகுது," என்றாள்.

அவர் இரண்டடி முன்னால் வந்தார். பைகளைப் பார்த்தார். "டிசம்பர் ஒன்பதாம் தேதி," என்றார், கூட்டத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில். பிறகு அந்தக் குரல் அவருக்கே பொருந்தாமல் போய், கொஞ்சம் மெதுவாக, "உங்களுக்குச் சேர வேண்டியது வந்துடும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"தேதி சொல்லிட்டாரு," என்றாள் புதாரி. "கேம்ப்லயும் தேதி மட்டும் சொன்னாங்க."

அவள் கொட்டில் பக்கம் போய்விட்டாள். காலையிலிருந்து அந்த மனுஷிமேல் காய்ந்துகொண்டிருந்த கோபம் இடம் மாறியதை ரைமாலி அப்போதுதான் உணர்ந்தாள். பத்து மணி என்று சொல்லி இரண்டரைக்கு வந்தவர், தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எதிரே நின்றார்.

"சார், ஒன்பதாம் தேதி சாயங்காலம் இருட்டற வரைக்கும்தான் பாப்பேன்."

"வந்துடுவேன் ரைமாலி."

"வாங்க. வந்து அளந்தீங்கன்னா அளந்த பிறகு அண்ணி ஊத்துவாங்க. நீங்க வரலன்னா அளக்கறதுக்கு முன்னாடியே நான் ஊத்துவேன்."

"ஊத்திட்டா இந்தத் தடவையும் எல்லாம் போயிடுமே! நாப்பதாயிரம் கன்னு..."

"தெரியும் சார்," என்றாள் ரைமாலி. "பதினோரு பேரும் கேட்டுட்டுத்தான் நிக்கறாங்க."

பதினோரு பேரும் நின்றார்கள். ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாமுலி சார் நோட்டைத் தேடினார். அது வண்டிப் பெட்டியில் இருந்தது. அதற்காகப் போகாமல், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் அந்தத் தேதியை எழுதிக்கொண்டார்.